பச்சைக் கட்டங்கள் உறங்குகின்றன

தூங்குகிறவர்களைப் பார்த்துக்கொள்ளச் சம்பளம் வாங்குகிறவன், வேலை நேரத்தில் தானே தூங்கிவிட்டால் அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. நான் தூங்கினேன். அதுவும் கௌரவமாக நாற்காலியில் சாய்ந்துகொண்டு அல்ல. கண்காணிப்புத் திரையின் மேல் கன்னத்தை வைத்து, வாயைத் திறந்து, எச்சில் வழிய. தொடுதிரைக்கு விரலும் ஒன்றுதான், கன்னமும் ஒன்றுதான். திரையில் தூங்குகிற பெண்ணுக்கு ஒரு கட்டம்; என் கன்னம் போய் இறங்கிய இடம் அஞ்சுகத்தின் கட்டம். அதிலும் மிகச் சரியாக ‘நீட்டிப்பு’ என்ற பொத்தான். விழித்திருக்கும்போது ஒரு வேலையையும் இவ்வளவு துல்லியமாக நான் செய்ததில்லை.

எங்கள் துயில்கூடத்தில் மணி கிடையாது. நேரம் முடிந்ததும் தலையில் மாட்டிய தொப்பிகள் பூட்டை விடும். கட்டில்கள் லேசாக அதிரும். பெண்கள் எழுந்து போவார்கள். அன்றும் போனார்கள். முகம் கழுவி, டீ குடித்து, கையுறை மாட்டி, ஆலை லைனில் போய் நின்றுவிட்டார்கள். அஞ்சுகத்தின் இடம் காலியாக இருந்ததைக் கவனித்தவள் பவளக்கொடி. அவள் திரும்பி ஓடிவந்து, தன் பாட்டில் தண்ணீரை என் தலையில் கவிழ்த்தாள்.

"எந்திரிங்கண்ணா! உங்க மார்ச்சுவரியில ஒரு பொணம் பாக்கி இருக்குது."

துள்ளி எழுந்து கட்டத்தை விடுவித்தேன். அஞ்சுகம் மெதுவாக எழுந்து உட்கார்ந்தாள். கத்தவில்லை. என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"லைன் ஓடுதாண்ணா?" என்றாள்.

"ஓடுது."

முடியை அள்ளிச் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

தலையணையை உதறப் போனபோதுதான் பார்த்தேன். காதுகள் இருந்த இடத்தில், இரண்டு பக்கமும், ஈரவட்டங்கள். மல்லாந்து படுத்திருப்பவர் அழுதால் கண்ணீர் காதுக்குத்தான் இறங்கும். தூக்கத்திலும்தான் மனிதர்கள் அழுகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திரையும் அதையேதான் சொன்னது. அவளுடைய கட்டம் கடைசி நொடிவரை பச்சையில் இருந்திருக்கிறது. பச்சை என்றால் ஆழ்ந்த உறக்கம்.

எங்கள் ஆலை ஓசூருக்குக் கொஞ்சம் வெளியே இருக்கிறது. மின்வண்டிகளுக்கு பேட்டரி செய்கிறோம். நாடே மின்வண்டியில் பறக்க ஆரம்பித்துவிட்டதால், எங்கள் பெண்கள் நாளுக்கு இரண்டு ஷிப்ட் நிற்கிறார்கள். நடுவில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு துயில்கூடம். கறுப்புத் திரை போட்ட பெரிய ஹால், வரிசையாகக் கட்டில், கட்டிலுக்கு ஒரு தொப்பி. ஒரு ராத்திரித் தூக்கத்தைப் புடவை மாதிரி மடித்து ஒரு மதியத்துக்குள் வைத்துவிடும் தொப்பி என்று கம்பெனி விளம்பரம் சொல்லும். நான் அந்தத் தொப்பிகளோடு வந்து சேர்ந்த தொழில்நுட்பாளன். பெயர் குணசீலன். கூடத்தில் அந்தப் பெயர் செல்லாது. ‘தாலாட்டண்ணன்’ என்றால்தான் தெரியும்.

மறுநாள் அஞ்சுகம் படுக்க வந்தபோது அவளருகில் போய் நின்றேன்.

"அஞ்சுகம், நேத்து என் தப்புதான். ஒண்ணு மட்டும் சொல்லு. நான் நீட்டிச்ச நேரத்துல நீ தூங்கிட்டு இருந்தியா, முழிச்சிருந்தியா?"

"தெரியலண்ணா."

"அது எப்படித் தெரியாமப் போகும்?"

"தூங்கறவங்களுக்குத் தூங்கறது தெரியுமாண்ணா?" என்று சொல்லித் தொப்பியை மாட்டிக்கொண்டாள்.

பக்கத்துக் கட்டிலில் பவளக்கொடி. அரூர்க்காரி. அவளை வாயில் யாரும் ஜெயித்ததில்லை. அவளிடம் கேட்டேன்.

"அவ முழிச்சிருந்தாளான்னு என்னக் கேக்கறீங்க. நான் என்ன அவ கனவுக்குள்ளயா குடியிருந்தேன்? போங்கண்ணா, போயி பொத்தான அமுக்குங்க. அமுக்கான் காத்துக்கினு இருக்கான்."

அமுக்கான் என்பது அவர்களுடைய பழைய சிநேகிதன். அமுக்குவான் பேய். தூக்கத்தில் மார்மேல் ஏறி உட்கார்ந்து, கைகால் அசையவிடாமல், குரலும் எழும்பவிடாமல் அமுக்குகிற ஆசாமி. ஊரில் அவனுக்கு வைத்தியம் இருக்கிறது. தலைமாட்டில் இரும்பு வைக்கலாம். கூடத்தில் அதற்குத் தடை, தொப்பியின் அளவீடு கெடும். இன்னொரு வைத்தியம், பக்கத்தில் இருப்பவர் காலின் கட்டைவிரலைப் பிடித்து ஒரு இழு இழுப்பது. கூடத்தில் பக்கத்தில் இருப்பவரும் பூட்டப்பட்டிருப்பார். அதனால் அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது. "அண்ணா, ரவுண்டு வர்றப்ப என் வெரல ஒரு இழுப்பு" என்று யாராவது சொல்லிவிட்டுப் படுப்பார்கள். நானும் தேர் வடம் பிடிக்கிற பக்தியோடு இழுத்துக்கொண்டே போவேன். பாலிடெக்னிக்கில் இதற்கெல்லாம் பாடம் வைக்கவில்லையே என்று எனக்குள் சிரித்துக்கொள்வேன்.

சிரிப்பு நின்ற நாளைச் சொல்கிறேன். தட்டு கழுவும் இடத்தில் பவளக்கொடி என் பக்கத்தில் வந்து நின்றாள். தட்டில் ஒட்டிய சோற்றுப் பருக்கையை விரலால் தள்ளிக்கொண்டே, சாதாரணமாகக் கேட்டாள்.

"வேலூர்லருந்து அக்கா திரும்பி வந்துட்டாங்களாண்ணா?"

"இன்னும் இல்லம்மா" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் கையிலிருந்த தட்டு நழுவியது.

என் மனைவி வத்சலா வேலூரில் தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டதை ஆலையில் யாரிடமும் நான் சொன்னதில்லை. மேனேஜருக்குத் தெரியாது. டீக்கடைக்காரருக்கே தெரியாது. அதாவது, விழித்திருக்கிற யாரிடமும் சொன்னதில்லை. கூடத்தில் தனியாக ரவுண்டு வரும்போது எனக்கு வாய் சும்மா இருக்காது. கட்டில்களுக்கு நடுவே நடந்துகொண்டு பேசுவேன். குறட்டை தாங்காமல் போனாள் என்று ஜோக்காக ஆரம்பித்து, அன்று பஸ் ஸ்டாண்டில் கரும்பு ஜூஸ் கடைக்குப் பின்னால் நின்று அழுததில் போய் முடிப்பேன். எல்லாக் கட்டமும் பச்சை, கேட்க ஆளில்லை, அதைவிடப் பாதுகாப்பான சபை எங்கே கிடைக்கும்?

பவளக்கொடியின் முகம் மாறிவிட்டது. வாய் தவறியது அவளுக்கும் தெரிந்துவிட்டது.

"உனக்கு யார் சொன்னது?"

"நீங்கதான் என்னிக்கோ சொன்னீங்க" என்று தட்டை எடுத்துக்கொண்டு போனாள். பொய்யும் இல்லை.

ஆலை மருத்துவர் டாக்டர் ஹெப்சிபா நாகர்கோவில்காரர். அறையில் எப்போதும் காய்ச்சல் மாத்திரை வாசனை. கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன்.

"டாக்டர், அமுக்கான் பேய்னு ஒண்ணு இருக்கா?"

"உங்களுக்கு பிபி பாக்கணுமா?"

"எனக்கு இல்ல. கூடத்துல இருக்கறவங்களுக்கு."

அவர் பேனாவை வைத்தார். "பேய் இல்ல. ஆனா அவங்க சொல்றது பொய்யும் இல்ல. கனவு காணும்போது நாம எழுந்து ஓடிடக் கூடாதுன்னு மூளை உடம்பைக் கட்டிப் போட்டுடும். முழிக்கும்போது அவிழ்த்துடும். சில சமயம் அறிவு முழிச்சுடும், கட்டு அவிழாது. கண் திறக்கும், கை வராது, குரல் வராது. பாதிக் கனவு இன்னும் ஓடிட்டிருக்கும். அதனால யாரோ ரூம்ல நிக்கிற மாதிரி, நெஞ்சுல உட்கார்ந்த மாதிரி இருக்கும். பொதுவா ஒண்ணு ரெண்டு நிமிஷம். அதனால உசிருக்கு ஆபத்தில்லை."

"யாருக்கு வரும்?"

"யாருக்கும் வரலாம். ஒழுங்காத் தூங்காதவங்களுக்கு அதிகம். ஷிப்ட் மாறி மாறிப் படுக்கிறவங்க, மனசுல பாரத்தோட படுக்கிறவங்க, மல்லாந்து படுக்கிறவங்க." அவரே சொல்லிவிட்டு, அவரே ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார். எங்கள் கூடத்தில் எல்லாரும் மல்லாந்துதான் படுக்கவேண்டும். தொப்பியின் ஒயர் அப்படி. "இன்னொரு கஷ்டம், வந்தவங்களுக்குத் தூங்கவே பயமா இருக்கும். பயந்தாத் தூக்கம் கெடும். தூக்கம் கெட்டா மறுபடி வரும்."

"தொப்பி என்ன பண்ணுது?"

"அந்தக் கட்டைப் பிடிச்சு வெச்சுக்குது. இமையைக்கூடத் திறக்க விடாது. உடம்பு அசையலன்னா தூக்கம் கலையாதுங்கிறது அவங்க கணக்கு."

"அறிவு மட்டும் முழிச்சுட்டா? கட்டு அவிழாதா?"

"நேரம் முடியணும், இல்ல நீங்க விடுவிக்கணும். அதுவரைக்கும் அவிழாது."

"விரலை இழுத்தா?"

"வீட்ல படுத்திருந்தா, தொட்டதும் விடலாம். தொப்பி போட்டிருந்தா விடாது."

எத்தனை விரல்களை இழுத்திருப்பேன். "ஆனா திரையில தெரியணுமே டாக்டர். முழிச்சா சிவப்பு வரணுமே."

"உங்க தொப்பி எதை வெச்சுப் பச்சை காட்டுது? தசை அடங்கியிருக்கா, மூடின இமைக்குள்ள கண்ணு ஓடுதா, அவ்வளவுதான். கனவு காண்றவங்க கண்ணும் ஓடும். பயந்துபோய் முழிச்சிருக்கிறவங்க கண்ணும் ஓடும்."

"அப்ப எங்க கூடத்துல எத்தனை பேர் தூங்கறாங்க, எத்தனை பேர் முழிச்சிருக்காங்க?"

டாக்டர் பேனாவை மறுபடி எடுத்துக்கொண்டார். "நான் கம்பெனி டாக்டர் குணசீலன். தலைவலின்னு வந்தீங்க. மாத்திரை தரேன், கேட்டீங்களா?"

மாத்திரையை வாங்கிக்கொண்டேன். தலைவலி அதற்குள் நிஜமாகவே வந்திருந்தது.

அன்று கூடம் காலியானதும் ஒரு தொப்பியை எடுத்து நானே மாட்டிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். பத்திரிகையில் வருகிற விஞ்ஞானிகள் எல்லாம் தங்கள் மருந்தைத் தாங்களே ஊசி போட்டுக்கொள்வார்கள். நான் தொப்பியை மாட்டினேன். கட்டிலில் மல்லாந்தேன். பூட்டு விழ வேண்டிய நேரத்தைத் திரையில் முன்பே குறித்து வைத்திருந்தேன்; அது நெருங்குவதற்குள் தொப்பியைப் பிடுங்கி எறிந்துவிட்டு எழுந்துவிட்டேன். விஞ்ஞானத்தின் மேல் எனக்கு இருக்கிற மரியாதை அவ்வளவுதான். அதற்குப் பிறகு ரவுண்டு வரும்போது பேசுவதையும் நிறுத்திவிட்டேன். செருப்புச் சத்தம்கூட கேட்காமல் நடக்கப் பார்த்தேன். அது அவர்களுக்கு இன்னும் பயமாக இருந்திருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மேனேஜர் சக்ரபாணி என்னை உட்காரச் சொன்னார். நல்ல மனிதர். கெட்ட செய்தியைக்கூட பிஸ்கட்டோடுதான் சொல்வார்.

"சார், அன்னிக்கு நான் திரை மேல தூங்கிட்டேன். ஒரு பொண்ணு பூட்டுலயே கிடந்தா."

"தெரியும், விடுங்க. எக்ஸ்ட்ரா ரெஸ்ட் கிடைச்சிருக்கு அவளுக்கு."

"அவ முழிச்சிருந்திருக்கலாம் சார். மத்தவங்களும்."

"யாராவது கம்ப்ளெயின்ட் பண்ணாங்களா?"

"இல்ல."

"திரையில சிவப்பு வந்துச்சா?"

"இல்ல."

"அப்பறம் என்ன? ஸ்ட்ரெஸ் குணசீலன், எல்லாருக்கும் ஸ்ட்ரெஸ். ஞாயித்துக்கிழமை யோகா வெச்சுடலாம். நீங்களும் வாங்க." பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினார். அவர் என்னிடம் பொய் சொல்லவில்லை. பதிலும் சொல்லவில்லை. நான் பிஸ்கட்டைச் சாப்பிட்டேன். முந்திரி பிஸ்கட், நன்றாகத்தான் இருந்தது. அதற்காகவும் என்னை நான் மன்னிக்கவில்லை.

அந்த வாரமே அஞ்சுகத்தின் கை வெந்தது.

அவள் வேலை செய்யும் இடத்தில் சின்னச் சின்ன உலோகப் பட்டைகளைச் சூட்டு முனையால் ஒட்டுவார்கள். முனை இறங்கும், ஏறும். கை நடுவில் போனால் யாரும் இழுத்துக்கொள்வார்கள். எறும்பு கடித்தால் இழுத்துக்கொள்வதைப் போல, யோசிக்காமல். அஞ்சுகம் இழுக்கவில்லை. முனை புறங்கையில் இறங்கியிருக்கிறது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறாள். எதிர் வரிசைப் பெண் அலறி, ஓடிவந்து பிடித்து இழுத்த பிறகுதான் கை வந்தது.

டாக்டர் அறையில் கட்டுப் போடும்போது நானும் நின்றேன். டாக்டர் கேட்டார்.

"ஏம்மா கையை எடுக்கல? வலிக்கலையா?"

"வலிச்சுது மேடம்."

"பின்ன?"

அஞ்சுகம் கட்டின் ஓரத்தைத் தடவிச் சரிசெய்தாள். பிறகு, குழந்தை மாதிரி, வெட்கத்தோடு சொன்னாள். "எடுக்க முடியாதுன்னு நெனச்சுட்டேன் மேடம். ஹால்ல படுத்திருக்கேன்னு நெனச்சுட்டேன்."

டாக்டர் என்னைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை. பஞ்சு, கத்திரி, மருந்து என்று மேஜையில் இருந்ததையெல்லாம் இரண்டு பேருமாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இடது கைதான், வலது கை நன்றாக இருக்கிறது என்று சொல்லி மறுநாளே அவளை வேறு மேஜைக்கு மாற்றினார்கள். அங்கேயும் ஒரு சூட்டு முனை இருக்கிறது. மதியம் வழக்கம் போலக் கூடத்துக்கு வந்தாள். எல்லாரும் படுத்துவிட்டார்கள். நான் வரிசை வரிசையாகப் பூட்டிக்கொண்டே வந்தேன். கட்டங்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. கடைசியாக அவளுடைய கட்டம் மட்டும் சிவப்பில் நின்றது. நான் திரையை விட்டு எழுந்து அவளிடம் போனேன்.

"உன்னப் பூட்டப் போறதில்ல அஞ்சுகம். தொப்பியக் கழட்டிட்டுத் திரும்பிப் படு. நெசமாத் தூங்கு."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். "வெளயாடாதீங்கண்ணா. செவப்புல இருந்தா ரெண்டாவது ஷிப்டுக்கு உள்ள விட மாட்டாங்க. ஷிப்ட் போனா ஹாஸ்டல் போயிரும். என் பொண்ணு பூரணி அங்கதான் இருக்கா. அவள எங்க கூட்டிக்கினு போவேன்? அவங்கப்பன் வீட்டுக்கா?"

"நேத்து ஒரு கை. நாளைக்கு என்ன ஆகும்?"

"பாத்து வேல செய்யறேன்."

"பாத்துக்கிட்டேதான நின்ன!"

என் குரல் ஹாலில் எதிரொலித்தது. நான் தரையில், அவள் கட்டிலுக்குப் பக்கத்தில், உட்கார்ந்துவிட்டேன். ஐம்பதைத் தாண்டிய முழங்கால் இரண்டும் அதற்குத் தனியாக ஆட்சேபம் தெரிவித்தன.

"இங்க பாரு. நான் மேலிடத்துல போய்ச் சொல்லப் போறேன். மேனேஜருக்கும் மேல. நான் தூங்குனது, நீ மாட்டிக்கிட்டது, கை வெந்தது, எல்லாத்தையும். எனக்கு வேல போகும். போகட்டும், காவல் வேலையில தூங்குறவனுக்கு அதுதான் மரியாதை. ஆனா நான் தனியாச் சொன்னா, தூங்குமூஞ்சி ஒளறுதுன்னுடுவாங்க. திரை பூரா பச்சையா இருக்குன்னு காட்டுவாங்க. தொப்பி போட்டவங்க ஒருத்தராவது சொல்லணும். டாக்டரக் கேட்டேன், ஜன்னலப் பாக்கறாங்க. மேனேஜரக் கேட்டேன், பிஸ்கட் குடுக்கறாரு. பவளத்தக் கேட்டேன், ஓடறா. உன்னக் கேக்கறேன். நேராச் சொல்லு. அன்னிக்கு முழிச்சிருந்தியா?"

அஞ்சுகம் கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். நானும் பார்த்தேன். கறுப்புத் திரையின் ஓரத்தில் மத்தியான வெயில் ஒரு கோடாக விழுந்துகொண்டிருந்தது. வரிசையாக மல்லாந்த உடம்புகள். பக்கத்துக் கட்டிலில் பவளக்கொடியின் மூடிய இமைகளுக்குள் கண்மணிகள் எங்கள் பக்கம் வந்து, அங்கேயே நின்றன.

அஞ்சுகம் குரலைத் தணிக்கவில்லை.

"அன்னிக்கு மட்டும் இல்லண்ணா. தெனமும்தான். மொதல்ல கொஞ்சம் கண்ணு சொருகும். அப்பறம் முழிப்பு வந்துரும், ஒடம்பு வராது. நெஞ்சு மேல ஏறி உக்காந்துக்கும். தொப்பி விடற வரைக்கும் அப்படியே கெடப்போம். எனக்கு மட்டும் இல்ல. இங்க இருக்கற எல்லாருக்கும்."

"பின்ன ஏம்மா இத்தன நாளா ஒருத்தரும் வாயத் தொறக்கல? சொல்லியிருந்தா தொப்பிய எடுத்திருப்பாங்களே!"

"எடுத்திருப்பாங்க" என்றாள். கட்டுப் போட்ட கையால் தலையணையைச் சரிசெய்துகொண்டு மல்லாந்தாள்.

"நீங்க தொப்பியோட வந்தவரு, உங்களுக்குத் தெரியாது. அதுக்கு முன்னாடி இந்த ஹால்ல கட்டிலு கெடையாது. மெஷினுதான் இருந்துச்சு. மொத ஷிப்ட் முடிஞ்சா சோத்தத் தின்னுட்டு, அப்படியே ரெண்டாவதுக்குப் போயி நிப்போம். தொப்பிய எடுத்தா கட்டிலயும் சேத்துத் தூக்கிட்டுப் போயிருவாங்கண்ணா. ஷிப்ட எடுக்க மாட்டாங்க. இப்ப முழிச்சுக்கினு இருந்தாலும், படுத்தாவது இருக்கோம்."